பிற்பாட்டுக்காரரின் பேத்தி

கோவலன் கூத்தின் பாடல்களில் எனக்குத் தொடக்கங்கள் மட்டுமே தெரிந்திருந்தன. சிறுவயதில் ஒரு பாடலையேனும் நான் முழுமையாகக் கேட்டு முடித்ததில்லை. கூத்தாடும் இடமான களரிக்கு முன்னால் அம்மம்மா விரித்த பாயில், அவருடைய மடியில் தலைவைத்துப் படுத்திருப்பேன். புதிய பாத்திரமொன்று களரிக்கு வரும்போது எழும் மத்தள ஓசையில் திடுக்கிட்டு விழிப்பேன். வரவுப் பாட்டின் முதல் இரண்டு அடிகளைக் கேட்பேன். உடுப்பில் தைத்த கண்ணாடித் துண்டுகளில் பெற்றோமாக்ஸ் வெளிச்சம் பட்டுத் தெறிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண் மூடிக்கொள்ளும். மூன்றாம் அடி எப்படி இருக்கும் என்பது எனக்கு நெடுங்காலம் தெரியாது. விடியும்வரை இப்படியே விழிப்பும் உறக்கமுமாகக் கழியும். ஆகவே கோவலன் வருவதும் மாதவி வருவதும் பொற்கொல்லன் வருவதும் இன்றும் என் காதில் தெளிவாக இருக்கின்றன. வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதுதான் இல்லை.

அந்த இரண்டு அடிகள் முடிந்ததும் அவற்றைத் திருப்பிப் பாடிய குரல்களில் ஒன்று என் அப்புவினுடையது. அப்பு அம்மாவின் தகப்பன். அவர் ஒருநாளும் வேடம் கட்டியதில்லை. மத்தளத்துடன் நின்று கூத்தை நடத்தும் அண்ணாவியாருக்குப் பின்னால், கையில் தாளத்துடன், வேட்டியும் தோளில் ஒரு சால்வையுமாக நின்று பிற்பாட்டுப் பாடினார். கூத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆடுபவர் ஓர் அடியைப் பாடி முடித்ததும் அந்த அடியைப் பிற்பாட்டுக்காரர் ஏற்று மீண்டும் பாடுவர். அந்த நேரத்தில்தான் ஆடுபவர் மூச்சு வாங்குவார், ஆட்டத்தை ஆடி முடிப்பார், அடுத்த அடியை நினைவுக்குக் கொண்டுவருவார். பிற்பாட்டு இல்லையென்றால் இரவு முழுவதும் ஆடிப் பாட எந்த மனிதனாலும் முடியாது. வேடம் கட்டியவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து போவார்கள்; சிலருக்கு அரைமணி நேர வேலை, சிலருக்கு இரண்டு மணி நேர வேலை. பிற்பாட்டுக்காரருக்கோ தொடக்கத்திலிருந்து மங்களம்வரை வேலை உண்டு.

எங்கள் ஊர் வன்னியில், முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளைக்கு அண்மையில் இருக்கிறது. கோவலன் கூத்து இந்த மண்ணில் வேர்கொண்டதற்குக் காரணத்தைத் தேடி அலையவேண்டியதில்லை. நந்திக்கடலின் கரையில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் இருக்கிறாள். மதுரையை எரித்தபின் இலங்கைக்கு வந்த கண்ணகி பல இடங்களில் தங்கி, பத்தாவதாக இங்கே வந்து சேர்ந்ததனால் பத்தாம்பளை என்று பெயராகி அது வற்றாப்பளை ஆனது என்பார்கள். மாடு மேய்த்துக்கொண்டிருந்த இடைச் சிறுவர்கள் முன்னால் அவள் ஒரு கிழவியாக வந்து நின்றாள். சிறுவர்கள் அவளுக்காகப் பொங்கினார்கள். விளக்கேற்ற எண்ணெய் இல்லை என்று அவர்கள் சொன்னபோது கடல்நீரை எடுத்து எரிக்கச் சொன்னாள், எரிந்தது. தலையில் பேன் பார்க்கச் சொன்னாள். பார்த்தவர்கள் தலையெல்லாம் கண்களைக் கண்டார்கள். இன்றும் வைகாசிப் பொங்கலுக்குச் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் வைத்து, அந்த உப்புநீரில் விளக்கெரித்து, பின்பு வற்றாப்பளைக்குக் கொண்டுபோகிறார்கள். பொங்கலுக்கு முன்னோடிச் சடங்கான பாக்குத்தெண்டல் தொடங்கிய நாளிலிருந்து பொங்கல் முடியும்வரை எங்கள் பகுதியில் வேறு பேச்சே இராது. இந்த ஊரவர்களுக்குச் சிலம்பின் கதை ஏட்டிலிருந்து வந்த கதையன்று. அது அயலில் குடியிருக்கும் ஒருத்தியின் வாழ்க்கை.

இங்குள்ள கோவலன் கூத்தின் ஆட்டத்தையும் பாட்டையும் முல்லைமோடி என்று தனியாகச் சொல்லும் வழக்கம் உண்டு. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மட்டக்களப்பிலும் ஆடப்படும் கூத்துகளோடு உறவுடையதுதான். ஆனால் நடையின் ஓட்டமும் தரு எனப்படும் கூத்துப் பாடல்களின் இழுப்பும் வேறு. காலபோகச் சூடடித்து நெல்லு வீடு வந்த பின்னர்தான் பழக்கம் தொடங்கும். நல்ல நாள் பார்த்துச் சட்டம் கொடுப்பார்கள். இன்னாருக்கு இன்ன வேடம் என்று அண்ணாவியார் தீர்மானித்து அவரவர் பாட்டைப் படிக்கக் கொடுப்பதுதான் சட்டம் கொடுத்தல். ஒவ்வொருவரும் தம்முடைய பாட்டைத் தம்முடைய கொப்பியில் எழுதிக்கொள்வார்கள். முழுக் கூத்தும் எழுதப்பட்ட கொப்பி அண்ணாவியாரிடம் மட்டுமே இருக்கும். இதை அப்போது நான் கவனித்ததில்லை. பின்னாளில்தான் எவ்வளவு பெரிய விடயம் என்று தெரிந்தது: கோவலன் ஆடியவருக்குக் கோவலனின் பாட்டும், தமக்கு முன்னால் பாடுபவரின் கடைசி அடியும் தெரியும். பாண்டியன் ஆடியவருக்குப் பாண்டியன் பகுதி தெரியும். கூத்து என்பது ஊருக்குள் இருபது வீடுகளில் துண்டு துண்டாக இருந்தது. இருபது பேரும் ஒரே இரவில் ஒரே களரிக்கு வந்தால்தான் அது ஒரு கதை.

அந்த நாள்களில், போரினால் வந்த பொருளாதாரத் தடையின் காலத்தில், பெற்றோமாக்ஸ் எரிப்பதே ஒரு ஊர்க் காரியமாக இருந்தது. வீடுகளில் நாங்கள் ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்டுப் படித்தோம். கூத்துக்கு முந்திய வாரங்களில் ஒவ்வொரு வீடும் அந்த எண்ணெயில் கொஞ்சம் மிச்சம்பிடித்துக் கொடுத்தது. அம்மம்மா கொடுத்தது அரைப் போத்தல். அதற்காக நான் இரண்டு கிழமை பகலிலேயே பாடம் படித்து முடிக்க வேண்டியிருந்தது. களரியில் தெறித்த அந்த வெளிச்சத்தில் எங்கள் வீட்டு எண்ணெயும் இருக்கிறது என்ற நினைப்பு எனக்குப் பெருமையாக இருந்தது.

எனக்குப் பெருமை தராதது அப்பு நின்ற இடம். கோவலன் ஆடியவரின் மகள் என் வகுப்பில் படித்தாள். கூத்துக்கு அடுத்த நாள் அவளைச் சுற்றித்தான் எல்லாரும் நின்றார்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அப்புவிடம், "நீங்கள் ஏன் அப்பு ஒரு ராசா வேசமாவது கட்டக்கூடாது?" என்று கேட்டேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "எல்லாரும் முன்னுக்குப் போனால் பின்னுக்கு ஆர் மோனை நிக்கிறது?" என்றார். எட்டு வயதில் அந்தப் பதில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அவருக்குத் துணிவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

பாடசாலையில் நான் பரதநாட்டியம் கற்றேன். நடனத்தில் நான் கண்டது முன்னால் நிற்பவரை மட்டுமே. நட்டுவாங்கம் செய்பவர் ஒரு பக்கத்தில் அமர்ந்திருப்பார், பாடுபவர் அமர்ந்திருப்பார், மிருதங்கம் இருக்கும். அவர்கள் எல்லாரும் எனக்காக இருப்பவர்கள் என்றே எண்ணினேன். ஒருமுறை தமிழ்த்தினப் போட்டிக்குப் போனபோது, பாடவேண்டியவர் காய்ச்சலினால் வரமுடியாமல், ஆசிரியை தானே ஒரு கையால் தாளம் தட்டிக்கொண்டு பாடினார். ஓரிடத்தில் அவருடைய மூச்சு முட்டி அடி பிந்தியது. என் கால் தானாகவே நின்றுவிட்டது. ஐந்து வருடம் பழகிய உருப்படி. ஒவ்வோர் அடவும் எனக்குத் தெரியும். ஆனாலும் பாட்டு நின்றதும் என் உடம்புக்கு எதுவும் தெரியாமல் போனது. அந்த நாளை நான் தோல்வியாகவே நினைவில் வைத்திருந்தேன். அது எனக்குக் கிடைத்த முதற்பாடம் என்பதை உணர வேறு பல ஆண்டுகள் தேவைப்பட்டன.

2002 இல் போர்நிறுத்தம் வந்து, வன்னியூடாக யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் ஏ9 பாதை திறந்தபின் நான் யாழ்ப்பாணம் சென்று நடனத்தை ஒரு துறையாகக் கற்றேன். அங்கேதான் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை வரிவரியாகப் படிக்க நேர்ந்தது. ஆடல் கற்றவர்களுக்கு அந்தக் காதை ஒரு மூலநூல் போன்றது. மாதவி ஏழாண்டு கற்றுப் பன்னிரண்டாம் வயதில் சோழன் முன்னால் ஆடுகிறாள். ஆனால் இளங்கோ அவளை உடனே ஆடவிடுவதில்லை. முதலில் ஆடலாசிரியனின் இலக்கணம் சொல்கிறார். பிறகு இசையாசிரியன், பிறகு பாட்டியற்றும் புலவன், தண்ணுமை முழக்குபவன், குழல் ஊதுபவன், யாழ் மீட்டுபவன் என ஒவ்வொருவருடைய தகுதியையும் சொல்கிறார். அதன்பின் அரங்கின் அளவு சொல்கிறார்: எட்டுக்கோல் நீளம், ஏழுகோல் அகலம், ஒருகோல் உயரம். தூண்களின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு வைக்கவேண்டும் என்றும் சொல்கிறார். எனக்குப் பெற்றோமாக்ஸ் நினைவு வந்தது. ஆடுகளத்தில் நிழல் விழக்கூடாது என்று அண்ணாவியார் விளக்கை இடம் மாற்றி மாற்றிக் கட்டச் சொன்னது நினைவு வந்தது.

அந்தக் காதையில் ஓர் இடத்தில் நான் பல நாள்கள் நின்றேன். தோரிய மகளிர் என்று ஒரு கூட்டம் வருகிறது. அவர்கள் முன்பு தாமே ஆடியவர்கள். இப்போது ஆடாமல், ஆட வருபவளுக்காகப் பாடுபவர்கள். வலத்தூணின் பக்கம் மாதவி நிற்கிறாள். இடத்தூணின் பக்கம் அவர்கள் நிற்கிறார்கள். நன்மை பெருகவும் தீமை நீங்கவும் வேண்டி அவர்கள் வாரப்பாடல் பாடிய பின்னரே இசைக்கருவிகள் ஒலிக்கத் தொடங்குகின்றன. ஆடலைப் பற்றித் தமிழில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய விரிவான எழுத்தில், ஆடாமல் பாடுபவர்களுக்கு என்று ஒரு பெயரும் ஒரு தூணும் கொடுக்கப்பட்டிருந்தன. அதைப் படித்த மாலையில் விடுதி அறையில் இருந்தபடி, என் எட்டு வயதுக் கேள்விக்காக அப்புவிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று எண்ணினேன்.

அதற்குப் பிறகு எங்கள் வன்னியின் கலைகளைத் திருப்பி நினைத்துப் பார்த்தால், எங்கும் இரண்டாவது குரல் ஒன்று இருந்தது. கோயிலில் புராணம் படிக்கும்போது ஒருவர் செய்யுளைப் படிப்பார், மற்றவர் பயன் சொல்வார். படிப்பவரின் குரல் இனிமையாக இருக்கலாம். ஆனால் சனங்கள் தலையாட்டுவது பயன் சொல்பவரின் முகத்தைப் பார்த்துத்தான். அரிவு வெட்டும்போது ஒருவர் சிந்து எடுக்க, நிரையாக நிற்பவர்கள் அதை ஏற்றுப் பாடுவார்கள். ஏற்றுப் பாடுகிற ஓசையிலேதான் அரிவாள் ஒன்றாக விழும். எடுப்பவர் பாட்டை விட்டாலும் கை நிற்பதில்லை, ஏற்பவர்கள் விட்டால் நிரை குலையும். செத்தவீட்டில் ஒருத்தி ஒப்பாரி சொல்ல மற்றவர்கள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அதை வாங்கிச் சொல்வார்கள். தனியாக ஒருத்தி அழுதால் அதை எங்கள் ஊரில் ஒப்பாரி என்று சொல்வதில்லை, அழுகை என்றுதான் சொல்வார்கள். ஆண்களால் முடியாத யானையைக் கட்டிய அரியாத்தையின் கதையைக்கூட வன்னி மக்கள் வீரப்பாட்டாகப் பாடாமல், அவளை இழந்த கணவன் வேலப்பணிக்கனின் ஒப்பாரியாகவே வைத்திருக்கிறார்கள். யானையின் முன்னால் போய் நின்றவள் அரியாத்தை; அவளுடைய பெயரை இன்றுவரை கொண்டுவந்து சேர்த்தது பின்னால் நின்று புலம்பியவனின் குரல்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டக்களப்புக் கூத்துகளைச் சுருக்கி நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை என வந்த அந்தத் தயாரிப்புகள் இல்லையென்றால் படித்தவர்கள் கூத்தைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த நன்றி எனக்கு நிறையவே உண்டு. ஆயினும் விடியவிடிய ஆடப்பட்டதை ஒன்றரை மணி நேரத்துக்குள் கொண்டுவரும் எவருக்கும் முதலில் கைவைக்கத் தோன்றுவது திருப்பிப் பாடும் அடிகளில்தான். நானும் பின்னாளில் மாணவர்களுக்காக ஒரு கூத்துப் பகுதியைச் சுருக்கியபோது அதைத்தான் செய்தேன். ஒருமுறை சொன்னதை மறுபடி ஏன் சொல்லவேண்டும் என்று பென்சிலால் வெட்டினேன். மேடையில் பார்த்தபோது பிள்ளைகள் அழகாகத்தான் ஆடினார்கள். ஆனால் பாட்டு ஒரு பக்கமாகவே ஓடியது. கேள்வி இருந்தது, அதைக் கேட்டுக்கொண்டதற்கு அடையாளம் இல்லை. கோவலன் தன் துயரைச் சொல்ல, அதை ஊரே வாங்கித் தன் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்ப்பதுதான் பிற்பாட்டு என்பது, அதை வெட்டி எறிந்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டது. நான் யாழ்ப்பாணத்தில் நின்றுவிட்டேன். வீடு முழுவதும் வன்னியில். அதன்பின் நடந்தவற்றை நான் கண்ணால் காணாதவள். அம்மா சொன்னவற்றை மட்டுமே அறிவேன், அவற்றிலும் எல்லாவற்றையும் எழுத எனக்கு உரிமையில்லை. 2008 இன் கடைசியில் தொடங்கி, போர் முடிந்த 2009 மே வரை ஊர்விட்டு ஊர் போனார்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு பாரம் குறைந்தது. முதலில் உழவு இயந்திரப் பெட்டி நிறைய ஏற்றியவர்கள், பிறகு சைக்கிளில் கட்டியவர்கள், கடைசியில் கையில் தூக்கக்கூடியதை மட்டும் தூக்கினார்கள். அண்ணாவியாரின் கொப்பியை அவருடைய குடும்பம் ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்துப் பதுங்குகுழிக்கு அருகே புதைத்ததாகச் சொன்னார்கள். புதைத்த இடம் தெரிந்த அண்ணாவியார் திரும்பி வரவில்லை. கோவலன் ஆடியவரும் வரவில்லை. கண்ணகி ஆடியவரும் வரவில்லை.

போரினால் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளத்து மெனிக்பாம் முகாமில் அப்புவைக் கண்டேன். தறப்பாள் கொட்டிலுக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும், "நல்லாப் படிக்கிறியோ மோனை?" என்று மட்டும் கேட்டார். நான் தோரிய மகளிரைப் பற்றிச் சொல்லவேண்டும் என்று மூன்று ஆண்டுகளாக வைத்திருந்தேன். அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை.

2011 இல் ஊரில் மறுபடி குடியேறினோம். கூரைத் தகரமும் பத்து மூட்டை சீமெந்தும் பெரிய பேச்சாக இருந்த காலம். அதற்குள்ளும் ஒரு வைகாசி மாதத்தில், வற்றாப்பளைப் பொங்கல் முடிந்து வந்த சிலர், கூத்தை மறுபடி ஆடவேண்டும் என்று பேச்சை எடுத்தார்கள். தகரப் பெட்டியைத் தேடித் தோண்டினார்கள், கிடைக்கவில்லை. மிஞ்சியிருந்த ஆட்டக்காரர்கள் ஐந்தாறு பேர் தத்தம் பாட்டைச் சொன்னார்கள். அவை எல்லாம் சிறிய வேடங்கள். பெரிய வேடக்காரர்களின் பாட்டு அவர்களோடு போய்விட்டது. அப்போது யாரோ, "பிற்பாட்டுக்காரர் இருக்கிறாரே, அவருக்கு முழுக்கூத்தும் தெரிந்திருக்குமே" என்றார்கள். ஊரில் முதல்முறையாக அப்புவைத் தேடி ஆட்கள் வந்தார்கள்.

அப்புவால் பாட முடியவில்லை.

திண்ணையில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவர் கண்ணை மூடினார், தொண்டையைச் செருமினார், தொடையில் தாளம் போட்டார், பாட்டு வரவில்லை. நெடுநேரம் கழித்து, "முன்னுக்கு ஆரும் பாடினால்தானே நான் பின்னுக்குப் பாடலாம்" என்றார். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வயதாகிவிட்டது, பட்ட பாடும் கொஞ்சமா, என்று சொல்லிக்கொண்டு எழுந்து போனார்கள். அப்பு அன்றிரவு சாப்பிடவில்லை. ஐம்பது வருடம் பாடியவர், பாட்டு இருக்கிறது என்று தெரிந்தும் அதன் வாசலைக் காணாமல் நின்றார்.

ஒரு கிழமை கழிந்திருக்கும். காலையில் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டு, என்ன பாடுகிறேன் என்ற நினைவில்லாமல், மாதவியின் வரவுப் பாட்டை முணுமுணுத்தேன். எனக்குத் தெரிந்த அந்த இரண்டு அடிகள். இரண்டாவது அடி முடிந்ததும், வேலிப் பக்கம் முருங்கையின் கீழே இருந்த அப்புவின் குரல் அதை ஏற்றது. ஏற்றுத் திருப்பிப் பாடியது. பாடி முடித்துச் சிறிது பொறுத்தது, மூன்றாம் அடிக்காக. எனக்கு மூன்றாம் அடி தெரியாது. நான் சவர்க்கார நுரையோடு அப்படியே நின்றேன். அந்த இடைவெளிக்குள், யாருமே எடுத்துக் கொடுக்காமல், மூன்றாம் அடியை அப்புவே பாடினார்.

அது அவருடைய குரலாக இல்லை. மாதவி ஆடியவரின் குரல் சற்றுக் கீச்சென்றிருக்கும், அடியின் கடைசியில் ஓர் இழுப்பு இருக்கும். அப்பு அந்தக் குரலிலே, அந்த இழுப்போடு பாடினார். பிறகு தம்முடைய குரலுக்குத் திரும்பி அதற்குப் பிற்பாட்டுப் பாடினார். நான் ஓடிப்போய் அருகில் நின்றபோது, "அடுத்தது காதுக்குள்ளை வருது மோனை, அவன் பாடுறது கேக்குது" என்றார். அவர் பாட்டை மனப்பாடம் செய்தவரல்லர். ஐம்பது வருடம் கேட்டவர். கேட்ட குரலோடு சேர்ந்தேதான் பாட்டு அவருக்குள் இருந்தது. அந்தக் குரலை எழுப்ப முதல் இரண்டு அடிகள் வேண்டியிருந்தன. அந்த இரண்டு அடிகள் மட்டும், உறங்கிப்போன ஒரு சிறுபிள்ளையிடம் இருந்தன.

அன்று தொடங்கி ஏறக்குறைய நான்கு மாதம், மாலை விளக்கு வைத்தபின் இருவரும் இருந்தோம். நான் ஒரு வரவை எடுப்பேன். அவர் ஏற்பார். சில நாள்களில் முழுத்தரு ஒன்று ஒரே மூச்சில் வரும். சில நாள்களில் ஓர் அடிகூட வராது. நான் எடுப்பதில் பிழையிருந்தால் அவர் ஏற்கமாட்டார். சொல் பிழைத்தாலும் பரவாயில்லை, தாளம் பிழைத்தால் அவருக்குள் ஒன்றும் அசையாது. பாண்டியனின் வரவை நான் நடனத்தில் பழகிய பழக்கத்தில் முதல் தட்டிலேயே எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாலைகள் அப்பு பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள் என் முழங்காலில் தட்டிக் காட்டி, "ஒரு தட்டு விட்டு எடு" என்றார். விட்டு எடுத்தேன். பாண்டியனின் அவை முழுவதும் அன்றிரவே வந்து சேர்ந்தது. பல்கலைக்கழகத்தில் தாள இலக்கணம் படித்தவள் நான். ஆனாலும் ஒரு தட்டு அளவுக்குக் காத்திருக்கும் அந்தப் பழக்கத்தை எனக்குக் கற்றுத் தந்தது அந்த முழங்கால் தட்டுத்தான்.

கண்ணகி ஆடியவருடைய குரல் மூக்கால் வரும். கோவலனைக் கொன்றது கேட்டு அவள் புலம்பும் பகுதியை அப்பு அந்த மூக்குக் குரலில் பாடியபோது அம்மம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணகிக்காக அழுதாரா, கண்ணகி ஆடியவருக்காக அழுதாரா என்று நான் கேட்கவில்லை. அந்தப் பகுதியின் பிற்பாட்டை அப்பு பாடவில்லை; அம்மம்மா பாடினார். பெண்கள் களரியில் பாடியதில்லை. ஆனால் பாயில் இருந்தவர்களின் உதடுகள் விடியவிடிய அசைந்துகொண்டிருந்ததை யார் பார்த்தார்கள்? அன்றிலிருந்து நாங்கள் மூவரானோம். அம்மம்மாவுக்குப் பெண் வேடங்களின் பாட்டுகள் அதிகம் தெரிந்திருந்தன. அப்பு தயங்கிய சொற்களை அவர் திருத்தினார், அப்பு மறுத்தார், அம்மம்மா விடவில்லை, இருவரும் அறுபது வருடக் குடித்தனத்தில் பேசாத அளவுக்கு அந்த நான்கு மாதத்தில் பேசினார்கள்.

ஓர் இடம் மட்டும் வரவேயில்லை. அவையில் சிலம்பை உடைத்து, மாணிக்கம் தெறித்து, பாண்டியன் வீழ்ந்தபின், கண்ணகி மதுரையை எரிக்க எழுமுன் ஒரு பாட்டு உண்டு. நான்கு அடிகள் என்று அப்புவுக்குத் தெரியும், நடை தெரியும், மத்தளத்தின் அடி தெரியும். சொல் தெரியாது. காரணமும் அவரே சொன்னார். மதுரை எரியும் காட்சிக்குப் பந்தத்தில் குங்கிலியத் தூளை எறிந்து தீச்சுவாலை எழுப்புவது அவருடைய பொறுப்பு. அந்த நான்கு அடிகளின் நேரத்தில் அவர் தாளத்தை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் பந்தத்தைக் கொளுத்தப் பின்புறம் போய்விடுவார். ஐம்பது வருடமும் அந்தப் பாட்டைக் காற்றுக்குக் கை மறைத்துக்கொண்டு, தீப்பெட்டியோடு நின்று, காதில் வாங்காமல் கழித்திருக்கிறார். அம்மம்மாவோ அந்த நேரத்தில், தீ எழும்பும்போது பிள்ளை பயப்படும் என்று என்னைத் தூக்கி மறுபக்கம் கிடத்திக்கொண்டிருப்பார். நான் உறக்கத்தில். மூன்று பேரில் ஒருவருக்கும் அது இல்லை.

அந்தப் பாட்டை யாராவது எழுதிச் சேர்க்கலாம் என்று சொன்னார்கள். நன்றாக எழுதக்கூடியவர்கள் எங்கள் பகுதியில் உண்டு. எனக்கும் நான்கு அடி எழுதத் தெரியும். அப்பு ஒப்பவில்லை. "அதிலை ஒரு பாட்டு இருக்கு. நாங்கள் கேக்கேல்லை, அவ்வளவுதான்" என்றார். ஆகவே 2013 இல் கூத்து மறுபடி களரி ஏறியபோது, அந்த இடத்தில் மத்தளம் மட்டும் நான்கு அடி அளவுக்கு ஒலித்தது. கண்ணகி கையில் உடைந்த சிலம்போடு அசையாமல் நின்றார். அப்பு பந்தத்துக்குப் போகவில்லை; அந்த வேலையை ஓர் இளைஞனுக்குக் கொடுத்திருந்தோம். அவர் தம் இடத்திலேயே, பின்னால், தாளத்தோடு நின்று அந்த நான்கு அடிகளையும் கேட்டார்.

அப்பு 2016 இல் காலமானார். செத்தவீட்டில் அம்மம்மா ஒப்பாரி சொல்லத் தொடங்கியபோது ஏற்றுச் சொல்ல ஊர்ப் பெண்கள் எல்லாரும் இருந்தார்கள். நான் அவர்களோடு இருந்தேன். தோரிய மகளிரைப் பற்றி அவரிடம் எப்போதோ சொல்லிவிட்டேன். "அந்தக் காலத்திலையும் நிண்டிருக்கினம் எண்டு சொல்லு" என்று மட்டும் சொல்லிச் சிரித்தார்.

இப்போது பழகும் பிள்ளைகளுக்கு அந்த இடைவெளி இடைவெளியாகத் தெரிவதில்லை. கண்ணகி அப்படி நிற்பதுதான் கூத்து என்று கற்றிருக்கிறார்கள். அந்த நான்கு அடி அளவையும் விரல் விட்டு எண்ணி, கண் இமைக்காமல் நிற்கப் பழகுகிறார்கள். பார்ப்பவர்களும் அந்த இடம் வரும்போது பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். சென்ற மாசியில் புதிதாகச் சட்டம் கொடுத்தபோது, முழுக் கொப்பியையும் பார்த்துப் பிரதி எடுக்கும்படி ஒரு மாணவியிடம் கொடுத்தேன். அழகான கையெழுத்து. பாண்டியன் வீழும் பகுதி முடிந்ததும் அடுத்த வரியிலேயே மதுரை எரியும் பகுதியைத் தொடர்ந்து எழுதியிருந்தாள். வீணாகக் கிடந்த இடம் என்று நினைத்துவிட்டேன், ரீச்சர், என்றாள். அந்தத் தாளை மட்டும் மறுபடி எழுதச் சொன்னேன். நடுவில் நான்கு கோடுகளை எழுதாமல் விடச் சொல்லி, முதற்கோட்டின் ஓரத்தில் பென்சிலால் தாளத்தை மட்டும் குறித்துக் கொடுத்தேன்.